மூன்று நாள் விருந்து

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அவர்கள் கருதியது உற்றார் உறவினர் வீட்டு விருந்தையே. ஆயினும், இக்காலத்தில் அமெரிக்க தேசத்தில் வருஷந்தோறும் நடைபெற்று வரும் ஒருவகை விருந்துக்கும் அந்த வாக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தி நிற்கிறது. கம்ப்யூட்டராலும் கைபேசியாலும் கோடி கோடியாகப் பொருளீட்டும் பெரிய கம்பெனிகள் மகாநாடு என்ற பெயரால் அவ்விருந்தை நடத்துகின்றன. இரண்டு மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள், வெகு சம்பிரமமாக அது நடைபெறும். அங்கு அழைக்கப்படும் விருந்தாளிகள் அரசர்களுமல்லர்; தனவந்தர்களுமல்லர். கம்ப்யூட்டருக்கு வேண்டிய மென்பொருளை எழுதும் நிரலாளர்களே அவர்கள். ஆங்கிலத்தில் டெவலப்பர் என்று அவர்களை வழங்குவார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் விருந்திடும் கம்பெனியில் ஒரு காசும் சம்பளம் வாங்காதவர்கள்.

சம்பளம் வாங்காத அயலாருக்கு ஒரு வியாபார ஸ்தாபனம் ஏன் இத்தனை உபசாரம் செய்ய வேண்டும்? இக்கேள்வி நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நேயர்கள் எண்ணலாகாது. இன்று தமிழ்நாட்டில் மகனோ மகளோ மருமகனோ இத்தொழிலில் அமர்ந்திராத நடுத்தரக் குடும்பத்தைக் காண்பது அரிது. நம் இளைஞர்களின் உழைப்பும் அறிவும் எந்தக் களத்தில், எந்த நிபந்தனையின்மேல் செலவாகின்றன என்பதை வீட்டிலுள்ள பெரியோரும் அறிந்திருத்தல் நலம். ஆகவே இவ்விருந்தின் வரலாற்றையும் மர்மத்தையும் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

யந்திரமும் உயிரும்

கம்ப்யூட்டர் என்பது தன்னளவில் ஒரு வெறும் பெட்டி. கணக்கு எழுதவும், கடிதம் அச்சிடவும், படம் வரையவும் அதற்குத் தனித்தனியே மென்பொருள் வேண்டும். உடலுக்கு உயிர் எப்படியோ அப்படி யந்திரத்துக்கு மென்பொருள். எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் உலகத்தாருக்கு வேண்டிய மென்பொருள் அனைத்தையும் தானே எழுதி விட முடியாது. வைத்தியருக்கு ஒன்று வேண்டும்; வக்கீலுக்கு வேறொன்று வேண்டும்; பள்ளி ஆசிரியருக்கு இன்னொன்று. இவற்றையெல்லாம் எழுத வெளியாரே கதி.

இங்கேதான் ஒரு சிக்கல் பிறக்கிறது. மென்பொருள் இல்லாத யந்திரத்தை ஜனங்கள் வாங்க மாட்டார்கள். ஜனங்கள் வாங்காத யந்திரத்துக்கு மென்பொருள் எழுத நிரலாளர் முன்வர மாட்டார்கள். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணமானால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகப் பிறந்ததே நாம் மேலே சொன்ன உபசாரம்.

1984-ஆம் வருஷம் ஜனவரி 24-ஆம் தேதி ஆப்பிள் கம்பெனி தனது மக்கின்டாஷ் என்னும் கம்ப்யூட்டரை வெளியிட்டது. விலை 2,495 டாலர். திரையில் படங்களைக் காட்டி, கையால் ஒரு சிறு கருவியை நகர்த்தியே வேலை வாங்கக்கூடிய அதிசயப் பெட்டி அது. ஆனால் பெட்டியோடு கூட வந்த மென்பொருள்கள் எழுதுவதற்கு ஒன்று, வரைவதற்கு ஒன்று ஆக இரண்டே. எவ்வளவு அழகிய மாளிகையானாலும் குடியிருக்க ஆளில்லாவிட்டால் அது பாழ் மண்டபந்தானே!

இதை முன்கூட்டியே உணர்ந்த ஆப்பிள் கம்பெனி, அதற்கென்றே ஒரு புதிய உத்தியோகத்தை ஏற்படுத்தியிருந்தது. அதன் பெயர் சுவிசேஷகர். ஆம், கிறிஸ்தவ மதத்தைப் பரப்பும் போதகருக்குரிய பெயரையே கம்ப்யூட்டர் வியாபாரத்துக்கு எடுத்துக் கொண்டார்கள். மைக் பாய்ச் என்பவர் மக்கின்டாஷின் முதல் சுவிசேஷகர். நகை வியாபாரக் கம்பெனியொன்றில் முன்னர் வேலை பார்த்த கை கவாஸாகி என்பவர் 1983-இல் அவருடன் சேர்ந்தார். மென்பொருள் எழுதும் சிறு கம்பெனிகளைத் தேடிச் செல்வதும், யந்திரத்தைக் காட்டுவதும், ‘இதற்கு எழுதுங்கள், இதுவே வருங்காலம்’ என்று நம்பிக்கை ஊட்டுவதுமே இவர்களுடைய வேலை. விற்பனைக்காரர் பணம் கேட்பார். சுவிசேஷகரோ நம்பிக்கையைக் கேட்டார். அவ்வளவே வித்தியாசம்.

அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. ஸியாட்டில் நகரத்தில் ஆல்டஸ் என்னும் சிறு கம்பெனி 1985-இல் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளை மக்கின்டாஷுக்காக வெளியிட்டது. பத்திரிகைப் பக்கத்தை மேஜைமேலேயே அமைத்துக் கொள்ள வழி செய்தது அது. அதே வருஷம் ஆப்பிள் விற்பனைக்குக் கொண்டுவந்த லேஸர் அச்சு யந்திரமும் சேர்ந்து கொள்ளவே, அச்சுத் தொழிலிலேயே ஒரு புரட்சி உண்டாயிற்று. விற்பனை தளர்ந்து தடுமாறிக் கொண்டிருந்த மக்கின்டாஷுக்கு உயிர் கொடுத்தது, ஆப்பிள் கம்பெனியார் எழுதாத அந்த மென்பொருளே. நமது தமிழ் அச்சகங்களிலும், ஈய எழுத்துக் கோத்து வந்த காலம் மாறியபின், பேஜ்மேக்கரைக் கொண்டே பக்கம் அமைத்த பத்திரிகைகளும் புத்தகங்களும் ஏராளம். ஓர் அயலாரின் உழைப்பு ஒரு கம்பெனியைக் கரையேற்றி, கடல் கடந்து நம் எழுத்துக்கும் வாகனமாயிற்று என்றால், அந்த அயலாருக்கு விருந்திடுவதில் ஆச்சரியம் என்ன?

மகாநாட்டு வைபவம்

சிலரை வீடு தேடிச் சென்று அழைத்தது அக்காலம். ஆயிரக்கணக்கானோரை ஓரிடத்தில் கூட்டிக் காட்சி நடத்துவது பின்னால் வந்த வழக்கம். ஆப்பிள் கம்பெனியின் உலக நிரலாளர் மகாநாடு 1980-களிலிருந்தே நடந்து வருகிறது. 2002-ஆம் வருஷத்து மகாநாட்டில் அக்கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடைமேல் ஒரு சவப்பெட்டியை வரவழைத்து, பழைய இயக்க மென்பொருளுக்கு இறுதிக் கடனே செய்து காட்டினார். இனிப் பழையதற்கு எழுதாதீர்கள், புதியதற்கே எழுதுங்கள் என்பதுதான் அதன் தாத்பரியம். நூறு சுற்றறிக்கைகள் செய்ய முடியாததை அந்த ஒரு சவப்பெட்டி செய்து விட்டது.

கைபேசியின் காலம் பிறந்ததும் இம்மகாநாட்டின் மவுசு சொல்லி முடியாது. 2010-இல் அனுமதிச் சீட்டுகள் எட்டு நாட்களில் தீர்ந்தன. 2012-இல் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்தன. 2013-இலோ, 1,599 டாலர் விலையுள்ள சீட்டுகள் சுமார் இரண்டே நிமிஷத்தில் தீர்ந்து போயின! அதற்கடுத்த வருஷம் குலுக்கல் முறையில் ஆளெடுக்க வேண்டியதாயிற்று. கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துவதைக் கண்டிருக்கிறோம். பணங்கொடுத்துப் பந்திக்கு முந்தும் அதிசயத்தை இங்கேதான் காண்கிறோம்.

கூகிள் கம்பெனியும் இவ்விஷயத்தில் சளைத்ததல்ல. 2008-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் அது தொடங்கிய மகாநாட்டில், சில வருஷங்கள் வந்தவர்களுக்கெல்லாம் கைபேசிகளையும் கம்ப்யூட்டர்களையும் தாம்பூலம் போல வழங்கினார்கள். 2013-இல் அவ்வாறு கொடுத்த மடிக் கம்ப்யூட்டரின் கடை விலை 1,299 டாலர். அதற்கு முந்தின வருஷம், ஆகாயக் கப்பலிலிருந்து சிலர் குதித்து மகாநாட்டு மண்டபத்தின் கூரைமேல் இறங்கினார்கள். அவர்கள் அணிந்திருந்த அதிசய மூக்குக் கண்ணாடியின் வழியே தெரிந்த காட்சியை, உள்ளே இருந்தவர்கள் திரையில் கண்டு ஆரவாரித்தார்கள். அந்தக் கண்ணாடியைப் பொதுஜனங்களுக்கென்று விற்ற கதை 2015-ஆம் வருஷத் தொடக்கத்திலேயே நின்று விட்டது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

மைக்ரோஸாப்ட் கம்பெனியின் தலைவராயிருந்த ஸ்டீவ் பால்மர், இந்நூற்றாண்டு பிறந்த காலத்தை ஒட்டி நடந்த ஒரு கூட்டத்தில், சட்டை வியர்வையில் நனைய, ‘டெவலப்பர்கள், டெவலப்பர்கள்’ என்று மூச்சு முட்டும்வரை முழங்கினார். அதைக் கண்டு சிரித்தவர்கள் அநேகர். நமக்கோ அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும் என்பது நம் தேசத்துப் பாமர ஜனங்களும் அறிந்த உண்மை அல்லவா?

இம்மகாநாடுகளால் நிரலாளருக்குப் பயனில்லை என்று நாம் சொல்லவில்லை. பயன் நிரம்ப உண்டு. ஆப்பிள் மகாநாட்டில் கம்பெனியின் சொந்தப் பொறியாளர்களே எதிரில் அமர்ந்து, வந்தவர் எழுதிய நிரலைப் பார்த்துச் சந்தேகம் தீர்த்து வந்தார்கள். மாதக்கணக்கில் தலையைக் குடைந்த பிழை அரைமணியில் விளங்கிவிடுவதுண்டு. 2020-இல் பெருந்தொற்றின் காரணமாக மகாநாடு முழுவதையும் இணையவழியே கட்டணமின்றி நடத்தினார்கள். பிரசங்கங்களை எங்கிருப்பவரும் இலவசமாகக் காணும்படியாயிற்று. அமெரிக்க தேசத்துக்குப் பயணச் செலவு செய்ய இயலாத தூத்துக்குடி மாணவனும் அன்று முதல் பந்தியில் உட்கார முடிந்தது. இது நல்ல காரியம் என்பதில் ஐயமில்லை.

பட்டமும் பரிசும்

வருஷத்தில் மூன்று நாள் விருந்து போக, மற்ற நாட்களுக்கும் கம்பெனிகள் ஏற்பாடு செய்திருக்கின்றன. மைக்ரோஸாப்ட் கம்பெனி 1993-இல் ஒரு விருதை ஏற்படுத்தியது. அக்கம்பெனியின் பொருள்களைப் பயன்படுத்துவோர் கேட்கும் சந்தேகங்களுக்கு, கூலி வாங்காமல் பதில் சொல்லி உதவி வந்த நிபுணர்களைத் தேர்ந்தெடுத்து, மிகப் பெறுமதி வாய்ந்த நிபுணர் என்ற பட்டம் அளித்தார்கள். பட்டத்தின் ஆயுள் ஒரு வருஷமே. அடுத்த வருஷமும் வேண்டுமானால் அடுத்த வருஷமும் தொண்டு செய்ய வேண்டும். சம்பளம் கிடையாது. ஆனால், வெளிவராத செய்திகளை முன்னதாக அறியும் உரிமையும், கம்பெனியின் தலைமையிடத்தில் கூடும் வாய்ப்பும், தொழிலில் நன்மதிப்பும் உண்டு. ராவ் பகதூர் பட்டத்துக்காக அந்நாளில் கலெக்டர் பங்களாவின் வாசலில் நின்றவர்களைப் போல இவர்களை நினைத்துவிடக் கூடாது. இவர்களில் பலர் பட்டம் வருமுன்பே, பிறருக்குச் சொல்லிக் கொடுப்பதில் உள்ள இன்பத்துக்காகவே அதைச் செய்தவர்கள். எனினும், கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதி ஒரு கேடயச் செலவில் முடிந்து போகிறது என்பதும் பொய்யல்ல.

கூகிள் கம்பெனியின் பெயரால் ஊர்தோறும் நிரலாளர் குழுக்கள் நடைபெறுகின்றன. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அவை உண்டு. கூட்டத்துக்கு இடம் பிடிப்பவரும், பேச்சாளரை அழைப்பவரும், நாற்காலி தூக்கிப் போடுபவரும் அவ்வூர்த் தொண்டர்களே. நம் கிராமங்களில் திருவிழாவை ஊரார் எடுத்து நடத்துவது போலத்தான். பெயர் மட்டும் தர்மகர்த்தாவினுடையது.

இத்தகைய திட்டங்களில் ஒன்றை நாம் மனப்பூர்வமாகப் பாராட்ட வேண்டும். 2005-இல் கூகிள் கம்பெனி ‘கோடைக்கால நிரல்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரி மாணவர்கள் விடுமுறையில், எல்லோருக்கும் பொதுவான திறந்த மூல மென்பொருள்களுக்கு அனுபவசாலிகளின் மேற்பார்வையில் நிரல் எழுத வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. கம்பெனி அவர்களுக்குப் பணம் கொடுக்கும். முதல் வருஷத்தில் சுமார் 400 மாணவர்கள். வேலையை முடித்தவருக்கு 4,500 டாலர். எழுதிய நிரல் கூகிளுக்குச் சொந்தமாவதில்லை, உலகத்துக்கே பொது. இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. முதல் பத்து வருஷங்களின் கணக்கில், மிகுதியான மாணவர்களைத் தேறச் செய்த சர்வகலாசாலை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உள்ளதன்று. இலங்கையிலுள்ள மொறட்டுவைச் சர்வகலாசாலையே அது. செல்வத்தில் சிறிய தேசமாயினும், ஒருவர் கையை ஒருவர் பிடித்து முன்னவர் பின்னவருக்கு வழிகாட்டினால் எந்த உயரத்துக்கும் ஏறலாம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆறு கடந்த பின்

ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி. கடந்தபின் நீ யார், நான் யார் என்றும் ஒரு பழமொழி உண்டு. இனி அந்தப் பக்கத்தையும் பார்ப்போம்.

சவப்பெட்டி மேடையேறிய அந்த 2002-ஆம் வருஷத்து ஆப்பிள் மகாநாட்டில், கரேலியா என்னும் சின்னஞ்சிறு கம்பெனியின் வாட்ஸன் என்ற மென்பொருளுக்குப் புதுமைக்கான விருது வழங்கப்பட்டது. இணையத்திலுள்ள பல செய்திகளை ஒரே இடத்தில் அழகாகத் திரட்டிக் காட்டுவது வாட்ஸன். விருது கொடுத்தது மே மாதத்தில். ஆகஸ்ட் மாதத்தில் ஆப்பிள் தனது புதிய இயக்க மென்பொருளோடு ஷெர்லக் என்பதன் புதிய பதிப்பை வெளியிட்டது. வாட்ஸன் செய்த வேலைகளில் பெரும்பாலானவற்றை அது தனி விலையின்றியே செய்து விட்டது! இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்குவார் யார்? அன்று முதல், பெரிய கம்பெனி சிறியவர் ஒருவருடைய தொழிலைத் தானே செய்து விழுங்கிவிடுவதற்கு, ஷெர்லக் ஆக்கப்படுதல் என்றே நிரலாளரிடையே ஒரு வழக்குச் சொல் ஏற்பட்டு விட்டது.

2009-ஆம் வருஷத்துக் கூகிள் மகாநாட்டில் வேவ் என்னும் புதிய சாதனத்தைக் காட்டினார்கள். கடிதப் போக்குவரத்தையே மாற்றிவிடப் போகிறது என்று கூட்டம் ஆரவாரம் செய்தது. அதற்குத் துணை நிரல்கள் எழுத அநேகர் முன்வந்தார்கள். 2010 ஆகஸ்டில், இனி இதை வளர்க்கப் போவதில்லை என்று கம்பெனி அறிவித்து விட்டது. கம்பெனிக்கு அது பல முயற்சிகளில் ஒன்று. துணை நிரல் எழுதியவருக்கோ, இரவும் பகலும் விழித்த பல மாதங்கள்.

எல்லாவற்றிலும் உருக்கமானது டிவிட்டரின் கதை. 2006-இல் பிறந்த அந்த ஸ்தாபனம், தன் சேவைக்குள் நுழையும் வாயிலை வெளி நிரலாளருக்குத் தாராளமாகத் திறந்து வைத்திருந்தது. ஐகன்பேக்டரி என்ற சிறு கம்பெனி எழுதிய டிவிட்டரிபிக் என்னும் மென்பொருளே பறவைச் சின்னத்தை முதலில் பயன்படுத்தியது. அச்சேவையில் எழுதும் சிறு செய்திக்கு ட்வீட் என்று பெயர் வழங்கச் செய்ததும் அதுவே. பின்னர் ஸ்தாபனத்தின் அடையாளமாகவே உலகெங்கும் பரவிய பெயரும் உருவமும் விருந்தாளிகள் கொணர்ந்த சீர்வரிசை என்று சொல்ல வேண்டும்.

2010 ஏப்ரலில் டிவிட்டர் தன் முதல் நிரலாளர் மகாநாட்டை ஸான் பிரான்ஸிஸ்கோவில் கூட்டியது. கூட்டம் கூடுவதற்குச் சில நாட்கள் முன்பு, வெளியார் எழுதிய மென்பொருள் ஒன்றை அது விலைக்கு வாங்கி, அதையே தன் சொந்த மென்பொருளாக்கிக் கொண்டது. மற்றவர்களின் வயிற்றில் புளி கரைந்தது. 2011-இல், இனி இத்தகைய மென்பொருள் எழுத வேண்டாம் என்று நிரலாளருக்குச் சொல்லப்பட்டது. 2012-இல், வெளியார் மென்பொருள் ஒவ்வொன்றையும் இத்தனை பேர்தான் பயன்படுத்தலாம் என்று வரம்பு கட்டினார்கள். 2015 அக்டோபரில் மீண்டும் ஒரு மகாநாடு. அதில் ஸ்தாபனத்தின் தலைவர் ஜாக் டார்ஸி மேடையேறி, நிரலாளருடன் தங்கள் உறவு குழப்பமாகி விட்டதென்று ஒப்புக் கொண்டு மன்னிப்புக் கேட்டார். புதிதாகத் தொடங்குவோம் என்றார். கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள்.

2022 அக்டோபரில் ஸ்தாபனம் கைமாறியது. 2023 ஜனவரியில் ஒருநாள், முன்னறிவிப்பு ஒன்றுமின்றி, வெளியார் எழுதிய மென்பொருள்கள் வேலை செய்யாமல் நின்று போயின. பறவைச் சின்னம் தந்த டிவிட்டரிபிக்கும் அவற்றில் ஒன்று. சுமார் ஒரு வாரம் சென்றபின், அத்தகைய மென்பொருள்களுக்குத் தடை விதிக்கும் வாசகம் விதிகளில் சேர்க்கப்பட்டது. முதலில் கதவைச் சாத்திவிட்டு, சாத்தலாம் என்ற சட்டத்தைப் பிறகு எழுதினார்கள். அந்தப் பறவையையும் அதே வருஷம் ஜூலையில் நீக்கி விட்டு, எக்ஸ் என்று பெயர் மாற்றிக் கொண்டார்கள்.

இவற்றில் எந்த ஒன்றும் சட்ட விரோதம் என்று நாம் சொல்ல வரவில்லை. வீடு அவர்களுடையது, சாவியும் அவர்களுடையது. வீடு வெறுமையாயிருந்தபோது விருந்தாளி தேவைப்பட்டார், நிரம்பியபின் இடைஞ்சலானார். உபசாரத்தின் அளவு, விருந்தாளியின் தகுதியை ஒட்டியதன்று. விருந்திடுபவரின் தேவையை ஒட்டியது. நாம் சொல்ல வந்த விஷயம் இது ஒன்றுதான்.

இதற்குக் காசுக் கணக்கும் ஒன்றுண்டு. 2008 ஜூலை 10-ஆம் தேதி ஆப்பிள் கம்பெனி சுமார் 500 மென்பொருள்களுடன் கைபேசிக்கான கடையைத் திறந்தபோது, விற்பனையில் நூற்றுக்கு 70 நிரலாளருக்கு, 30 கம்பெனிக்கு என்று வகுத்தது. அன்று அதைத் தாராளம் என்றே புகழ்ந்தார்கள். கடையோ அது ஒன்றே என்றான பிறகு, அதே 30 வரியாகத் தோன்றத் தொடங்கிற்று. 2020 ஆகஸ்டில் எபிக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. அதே வருஷம் நவம்பரில், வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்கு மேற்படாத வருவாயுள்ள சிறியவர்களுக்கு 15 ஆகக் குறைக்கிறோம் என்று ஆப்பிள் அறிவித்து, 2021 ஜனவரி முதல் அதை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் மகாநாடுகளில் கைதட்டியும் குறையாதது, வழக்கு மன்றத்தின் படியேறிய மூன்றே மாதத்தில் குறைந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

தாமே கூடிய சபை

அப்படியானால் நிரலாளருக்கு நாதி எது? இதற்கு விடை 1955-ஆம் வருஷத்திலேயே கிடைத்திருக்கிறது.

அக்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியிலுள்ள ஆகாய விமானக் கம்பெனிகள் ஐ. பி. எம். கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர்களை அமர்த்தி வேலை வாங்கி வந்தன. ஒவ்வோரிடத்திலும் ஒரே அடிப்படை நிரல்களைத் தனித்தனியே எழுதிப் பணத்தையும் காலத்தையும் விரயம் செய்து கொண்டிருந்தார்கள். 704 என்ற புதிய யந்திரம் வரப்போகிறது என்றதும், அங்கிருந்த நிரலாளர்கள், வியாபாரத்தில் போட்டியாளரானாலும் இவ்விஷயத்தில் கூட்டாளிகளாவோம் என்று முடிவு செய்தார்கள். ஷேர் என்று சங்கத்துக்குப் பெயரிட்டார்கள். பகிர்ந்து கொள்ளுதல் என்பது அதன் பொருள். எழுதிய நிரலை ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள். அதோடு நில்லாமல், யந்திரத்தில் இன்னின்ன மாறுதல் வேண்டும் என்று ஒரே குரலில் ஐ. பி. எம்.-மிடம் கேட்டார்கள். தனித்தனியே கேட்டிருந்தால் குப்பைக் கூடைக்குப் போயிருக்கும் கோரிக்கைகள், சங்கத்தின் தீர்மானமானதும் கம்பெனியின் மேஜைக்குப் போயின. அடுத்து வந்த 709 யந்திரத்துக்கு இச்சங்கத்தார் வகுத்த இயக்க மென்பொருள் அவர்கள் பெயராலேயே வழங்கியது. அங்கே கம்பெனி விருந்தாளி, நிரலாளர் வீட்டுக்காரர். அந்தச் சங்கம் இன்றும் நடந்து வருகிறது.

பெல்ஜிய தேசத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 2000-ஆம் வருஷத்தில் தொடங்கிய பாஸ்டெம் என்னும் மகாநாடும் இவ்வினத்தைச் சேர்ந்தது. சர்வகலாசாலைக் கட்டிடத்தில், நுழைவுக் கட்டணமின்றி, பெயர்ப் பதிவும் இன்றி, தொண்டர்களே நடத்துகிறார்கள். பைத்தான் என்னும் நிரல் மொழிக்காரர்கள் 2003 முதல் தமக்கென மகாநாடு கூட்டி வருகிறார்கள். அதன் இந்தியக் கிளை 2009-இல் பெங்களூரில் விஞ்ஞானக் கழகத்தில் முதன்முதலாகக் கூடியது; 2019-இல் சென்னையிலும் கூடியது. பெரிய கம்பெனிகள் இவற்றுக்கும் நன்கொடை தருவதுண்டு. ஆனால் யார் பேசுவது, எதைப் பேசுவது என்று தீர்மானிப்பவர்கள் தொண்டர்களே.

நம் தமிழ்நாட்டில் லினக்ஸ் பயனர் சங்கத்தார் பல வருஷங்கள் சென்னை ஐ. ஐ. டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடி வந்தார்கள். காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் அதே வழியில் சங்கங்கள் தோன்றின. அங்கே ஆகாயத்திலிருந்து குதிப்பாரில்லை, சவப்பெட்டி ஊர்வலமுமில்லை. ஆனால் தமிழில் கேட்கலாம், தமிழில் சொல்லலாம். கற்றவர் கல்லாதவருக்குக் கற்பிக்கலாம். கதர்த் துணி மில் துணியைப் போல மினுமினுப்பதில்லை என்பது உண்மைதான். எனினும் அதை நூற்ற கையும் நெய்த கையும் நமக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது யாது?

கம்பெனி மகாநாட்டுக்குப் போகாதீர்கள் என்று நம் இளைஞர்களுக்குச் சொல்ல மாட்டோம். தாராளமாகப் போகட்டும்; கற்கத் தகுந்ததைக் கற்கட்டும்; உலகத்தைப் பார்க்கட்டும். கொடுத்த சட்டையை அணிந்து வரட்டும், அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் சில காரியங்களை மறவாதிருத்தல் வேண்டும்.

முதலாவது, எந்த மேடையைக் கண்டும் முழு ஜீவனத்தையும் அதன்மேல் கட்டலாகாது. கைதட்டலில் வாக்குறுதி இருப்பதாகத் தோன்றும். கையெழுத்திட்ட விதிகளில் அது இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். இரண்டாவது, ஒரு கம்பெனியின் கருவிக்கு மட்டுமே பயன்படும் வித்தை அக்கம்பெனி நினைக்கும்வரைதான் சோறு போடும். எங்கும் செல்லுபடியாகும் அடிப்படை வித்தையை அதோடு சேர்த்துக் கற்க வேண்டும். மூன்றாவது, இலவசமாகத் தொண்டு செய்வதானால், அத்தொண்டின் பலன் பொதுவுக்குப் போகிறதா, ஒருவருடைய கஜானாவுக்குப் போகிறதா என்று கேட்டுத் தெரிந்து கொண்டு செய்ய வேண்டும். அறிந்து கொடுப்பது தானம். அறியாமல் கொடுப்பது நஷ்டம்.

நான்காவதே முக்கியமானது. தம் ஊரில் தாமே கூடும் ஒரு சபையில் ஒவ்வொருவரும் அங்கத்தினராக வேண்டும். சபை சிறிதாயிருக்கலாம், கூடும் இடம் பள்ளிக்கூடத்துத் திண்ணையாயிருக்கலாம். 1955-இல் கூடியவர்களும் சிலரே. ஒரு நாளைக்குக் கதவு சாத்தப்பட்டால் தட்டுவதற்குப் பல கைகள் வேண்டும். கதவு திறக்காவிட்டால் வேறு வீடு கட்டவும் அந்தக் கைகளே வேண்டும். கம்பெனி இடும் விருந்து மூன்று நாளில் முடிந்து விடும். சொந்த வீட்டு உலையில் கொதிக்கும் சோறோ, எளிமையானதாயினும், முந்நூற்றறுபத்தைந்து நாளும் பசி தீர்க்கும்.